வாசகர் கேள்வி – பதில்: ஓட்டப்பாட்டுக்கு எத்தனை கட்டைச் சுருதி?

கேள்வி: புதுக்குடியிருப்புப் பகுதிப் பாடசாலை ஒன்றில் சங்கீதம் கற்பிக்கிறேன். அமெரிக்கப் படையினர் ஓடும்போது ஒருவர் ஒரு வரியைப் பாட, மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடும் காணொளி ஒன்றை மாணவர்கள் காட்டினார்கள். அதன் வேகம் நிமிடத்துக்கு 90 என்று ஒரு செயலியும் 180 என்று இன்னொரு செயலியும் சொல்கின்றன. எது சரி? அதன் சுருதி என்ன? இல்ல விளையாட்டுப் போட்டியின் அணிநடைக்கு எங்கள் பாண்ட் குழு அதை வாசிக்கலாமா?

பதில்: இரண்டு செயலிகளும் சரியாகவே சொல்லியிருக்கின்றன. அமெரிக்கத் தரைப்படையின் விதிப்படி ஓட்ட நடைக்கு நிமிடத்துக்கு 180 அடிகள். ஒவ்வொரு அடியும் 30 அங்குலம். இரு கால்களையும் எண்ணினால் 180, பாட்டின் அழுத்தம் விழும் இடது காலை மட்டும் எண்ணினால் 90. செயலியை ஒதுக்கிவிட்டு, கிறவல் வீதியில் மாணவர்களை ஓடவிட்டு, 20 விநாடிகளுக்குள் இடது கால் எத்தனை முறை விழுகிறதென்று கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். 30 வந்தால் அதுவே விதிப்படியான வேகம். கடற்கரை மணலில் காலடி காதில் விழாது என்பதால் அங்கே இந்தச் சோதனை பலிக்காது.

பெரும்பாலும் எட்டு அடிகளுக்கு ஒரு வரி பாடுவார்கள். அடிக்கு ஓர் எண்ணிக்கை என்று கொண்டால், ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் (எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று) அழைப்புக்கும் அடுத்தது மறுமொழிக்கும் போகும்.

சுருதிக்கு வேகத்தைப் போன்ற விதி எதுவும் இல்லை. முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுக்கையில் அம்பா என்ற தொழிற்பாட்டைப் பாடத் தொடங்குபவர் சுருதிப்பெட்டியைத் தேடுவதில்லை. தன் தொண்டைக்கு வசதியான இடத்தில் தொடங்குவார், வலையைப் பிடித்திருப்பவர்கள் அதிலேயே சேர்ந்துகொள்வார்கள். ஓட்டப்பாட்டிலும் அப்படித்தான். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண்; அழைப்பவர் இன்று ஒன்றாம் கட்டையில் தொடங்கலாம், நாளை இரண்டாம் கட்டையில் தொடங்கலாம். ஓட்டம் சூடேறும்போது சுருதி தானாக மேலேறுவதும் உண்டு. ஆகவே காணொளியில் நீங்கள் கண்டுபிடிக்கும் சுருதி அந்த ஒருவருடைய, அன்றைய சுருதி மட்டுமே. இந்தப் பாடல்களுக்கு ஆபிரிக்க அமெரிக்கரின் வேலைப்பாட்டு மரபோடு நெருங்கிய உறவு உண்டு; 1944இல் நியூயோர்க் மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்லோகம் முகாமில் நடைக்கான பாட்டை எடுத்துக்கொடுத்துப் புகழ்பெற்ற வில்லி டக்வர்த் என்ற சிப்பாயும் ஆபிரிக்க அமெரிக்கரே. அதனால்தான் பல மெட்டுகள் ஐந்து சுரங்களுக்குள் அடங்குகின்றன. ஐந்து சுர ராகமான சுத்த தன்யாசியைத் தெரிந்த காதுக்கு அவை அந்நியமாகப் படுவதில்லை. காந்தாரம் (க என்ற சுரம்) மட்டும் அதன் தாழ்ந்த வகையான சாதாரணத்துக்கும் உயர்ந்த வகையான அந்தரத்துக்கும் நடுவே ஊசலாடும். அதை ஆர்மோனியத்தில் தேடிக் களைக்க வேண்டாம், குரலால்தான் தொட முடியும்.

அணிநடைக்கு 180 பொருந்தாது. அந்த வேகத்துக்கு நடந்தால் மாணவர்கள் ஓட வேண்டியிருக்கும், 120க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் பெரும்பாலும் பி ஃபிளாட் வாத்தியங்கள் என்பதால், ஆறரைக் கட்டையையோ (பி ஃபிளாட்) இரண்டரைக் கட்டையையோ (ஈ ஃபிளாட்) ஆதார சுருதியாக வைத்தால் விரல்களுக்குச் சிரமம் இராது. அழைப்பு வரியை ஒரு ட்ரம்பெட்டுக்குக் கொடுத்து, மறுமொழியை முழுக் குழுவும் வாசிக்கட்டும். ஒன்று மட்டும்: படையினர் ஓடும் சத்தம் எங்கள் பகுதியில் பலருக்கு இசையாக மட்டும் கேட்பதில்லை. மெட்டை எடுத்துக்கொண்டு சொற்களை மாணவர்களே எழுதுவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: பாடிக்கொண்டே ஓடினால் மூச்சு வாங்காதா? (வவுனிக்குளம் வாசகர்)

பதில்: வாங்கும். ஆனால் மறுமொழி ஒலிக்கும் எட்டு அடிகள், அதாவது ஏறத்தாழ இரண்டே முக்கால் விநாடிகள், அழைப்பவருக்கு ஓய்வு. அவர் பாடும்போது மற்றவர்கள் மூச்சை இழுத்துக்கொள்கிறார்கள். மறுமொழி தேய்ந்து இரண்டு மூன்று குரல்களாகிவிட்டால், வேகம் கூடிப்போனதென்று அழைப்பவருக்குத் திரும்பிப் பாராமலே தெரிந்துவிடும்.