நள்ளிரவில் குழாய் உடைந்தால்?

கேள்வி: குளியலறைக் குழாய் உடைந்து வீடெல்லாம் தண்ணீர். எந்த வால்வை மூடுவதென்றே தெரியவில்லை. எங்கே தேடுவது?

பதில்: மீட்டரை ஒட்டியோ, தொட்டியிலிருந்து இறங்கும் குழாயிலோ இருக்கும் அம்மா. நீளப் பிடி என்றால் கால் சுற்று. பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியாயிற்று. சக்கரப் பிடியை வலப்பக்கமாகப் பல சுற்று சுற்ற வேண்டும். இந்தச் சக்கரம்தான் எனக்குக் கவலை. முப்பது வருடக் குழாய் வேலையில், தொடாமலே விட்டு இறுகிப்போன வால்வின் தண்டு, அவசரத்தில் முறுக்கியதும் ஒடிந்து கையோடு வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறந்துவிடுங்கள். சக்கர வால்வை முழுதாகத் திறந்தபின், மூடும் பக்கமாக அரைச் சுற்று திருப்பி வையுங்கள். தண்ணீர் பிளக் பக்கம் போனால் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். ஈரத்தில் நின்றபடி மட்டும் தொடாதீர்கள். வால்வில் இன்றே சிவப்புத் துணி கட்டி, பிள்ளைகளுக்கும் காட்டிவையுங்கள்.