பிள்ளையைச் சேர்ச்சுக்கு அனுப்பாமல் விடலாமா?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். இலங்கையில் களுவாஞ்சிகுடியிலிருந்து நோர்வே வந்து நாலு மாதம். நீங்களும் மனைவியும் எந்தச் சமயத்தையும் பின்பற்றுவதில்லை. மகன் படிக்கும் பள்ளிக்கூடம், கிறிஸ்மஸுக்கு முதல் பிள்ளைகளைச் சேர்ச்சுக்குக் கூட்டிப்போவதாக அறிவித்திருக்கிறது. ‘வேண்டாம் என்று சொல்லலாமா, சொன்னால் பிள்ளையை ஒதுக்குவார்களா, விசாவுக்குப் பிரச்சினை வருமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

விசாவுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. நிம்மதியாகத் தூங்குங்கள்.

உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. நானும் ஆரையம்பதியில் படித்தவள்தான். ஊரில் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் சமயம் கட்டாயப் பாடம். சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம், பௌத்தம் என்று ஏதாவது ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். ‘ஒன்றும் இல்லை’ என்று ஒரு பெட்டி படிவத்தில் கிடையாது. இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சுதந்திரம் தருகிறது, ஆனால் அந்தச் சுதந்திரம் வகுப்பறை வாசலுக்குள் வருவதில்லை. என் அப்பா கோயில் வாசலை மிதிக்காத மனுஷன். வகுப்பாசிரியை “பிள்ளைக்கு என்ன சமயம் போட?” என்று கேட்டபோது, “எதுக்குப் புள்ளி கூடுதலா வருமோ அதைப் போடுங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு வந்தார். சைவநெறியில் எனக்கு ஏ. தேவாரம் இப்பவும் பிழையில்லாமல் வரும்.

இங்கே நீங்கள் கேட்பதற்குப் பெயர் ‘ஃப்ரீதாக்’, அதாவது விலக்கு. வேறொரு சமயத்தின் வழிபாடாக உங்களுக்குப் படுகிற எதிலிருந்தும் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். எழுத்தில் அறிவித்தால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒன்று, விலக்கு வழிபாட்டுக்குத்தான், அறிவுக்கு இல்லை. இயேசு யார், நபி யார், புத்தர் என்ன சொன்னார் என்பதை மகன் எல்லாரோடும் சேர்ந்து படிக்கத்தான் வேண்டும். அது நல்லதும்தான்.

நோர்வே இதைத் தானாகத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. 1997இல் கிறிஸ்தவத்தையும் மற்றச் சமயங்களையும் ஒரே பாடமாக்கி எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாக்கினார்கள். விலக்கு வேண்டுமென்றால் எந்தப் பாடத்தில் என்ன வருகிறது என்று பெற்றோரே துருவிப் பார்த்து, பல இடத்தில் காரணமும் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக்குள் நம்புவதையும் நம்பாததையும் ஆசிரியர் முன்னால் அவிழ்த்து வைக்கிற நிலைமை. இங்குள்ள மனிதநேயச் சங்கத்தைச் சேர்ந்த, சமயமற்ற பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். 2001இல் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். விடவில்லை, ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2007 ஜூனில் ஒன்பதுக்கு எட்டு என்று ஒரேயொரு நீதிபதி வித்தியாசத்தில் வென்றார்கள். அதற்குப் பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள்.

சட்டம் ஒரு பக்கம், பள்ளிக்கூடம் இன்னொரு பக்கம். என் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது விலக்குக் கேட்டு எழுதினேன். சரி என்றார்கள். அன்றைக்கு வகுப்பே சேர்ச்சுக்குப் போக, இவளையும் ஒரு சோமாலியப் பையனையும் நூலகத்தில் உட்கார்த்தி, நிறம் தீட்டச் சொல்லித் தாள் கொடுத்திருக்கிறார்கள். தாளில் என்ன படம்? தேவதூதன், கையில் ஊதுகுழல். மகள் செட்டைக்குப் பச்சை அடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அடுத்த வருஷம் ஒக்டோபரிலேயே எழுதிக் கேட்டேன்: சேர்ச்சுக்குப் போகாத பிள்ளைகளுக்கு அதற்குச் சமமான நிகழ்ச்சி என்ன? சமமாக இருக்க வேண்டும் என்பது கல்வி இயக்ககத்தின் வழிகாட்டலிலேயே இருக்கிறது. அந்த வருஷம் ஒரு ஆசிரியர் அவர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போய், நெருப்பு மூட்டி, சொசேஜ் சுட்டுக் கொடுத்தார். ஒதுக்கினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். யோசிக்காமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

டிசம்பர் 13இல் லூசியா என்ற கிறிஸ்தவப் புனிதையின் நாள் வரும். வெள்ளை உடுப்பு, மெழுகுதிரி, பாட்டு, முந்திரிகை வற்றல் வைத்த மஞ்சள் பணிஸ். அதுக்கும் விலக்குக் கேட்கலாம். நான் கேட்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளையைப் பணிஸிலிருந்து காப்பாற்ற வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

உண்மையைச் சொன்னால், எனக்குக் கஷ்டமாக இருந்தது நோர்வேக்காரர் இல்லை, நம் ஆட்கள்தான். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் வாணிவிழாவுக்குப் பிள்ளைகளை வரிசையாகக் கும்பிட வைப்பார்கள். நோர்வேப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிய மாதிரிக் கடிதத்தை அங்கே எழுத எனக்குத் துணிவு வரவில்லை. பின்வரிசையில் இருந்து அவலும் கடலையும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். உங்களுக்குத் துணிவு இருந்தால் எழுதுங்கள், நான் கைதட்டுவேன்.

இன்னொன்றையும் மனதில் வைத்திருங்கள். பதினைந்து வயதுக்குப் பிறகு இந்த முடிவு பிள்ளையுடையது, நம்முடையது இல்லை. என் மகள் அந்த வயதில், வைகாசியில் ஊருக்குப் போய்ப் பெத்தாவோடு, அதாவது பாட்டியோடு, கண்ணகை அம்மன் கோயிலில் குளிர்த்திச் சடங்கு பார்க்க வேண்டும் என்று நின்றாள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதி லீவு எடுத்துக் கூட்டிப்போனேன். அவள் விடியும்வரை உள்ளே, நான் வெளியே கச்சான் விற்கிற மனுஷியோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருவோம். இரண்டு வரி போதும்: ‘கிறிஸ்மஸ் ஆராதனையில் எங்கள் மகன் கலந்துகொள்ள மாட்டான். அன்றைக்கு அவனுக்கு என்ன நிகழ்ச்சி என்று அறியத்தாருங்கள்.’ நோர்வே மொழி வராவிட்டால் ஆங்கிலத்தில் எழுதுங்கள், விளங்கிக்கொள்வார்கள். ஒரு கிழமைக்குள் வகுப்பாசிரியர் பதில் தராவிட்டால் அதையே பள்ளிக்கூட அதிபருக்கும் அனுப்புங்கள். இரண்டாவது வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.