மே விடுமுறைக்கு நீஸா, ரோமா?

கேள்வி: மே கடைசியில் ஏழு நாள் ஐரோப்பா போகிறோம். நானும் மனைவியும், பத்து வயது மகன், முழங்கால் வலி உள்ள அம்மா. மகனுக்குக் கடல் வேண்டும், எனக்கு ரோம் பார்க்க ஆசை. பிரான்ஸின் நீஸ் நகரமா, ரோமா?

பதில்: நீங்கள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது 'மே' என்பதுதான். நீஸில் அப்போது வெயில் இதமாக இருக்கும், ஆனால் கடல் நீர் 18 டிகிரி அளவில்தான் இருக்கும். நம் ஊர்க் கடலில் குளித்துப் பழகிய பையன் ஐந்து நிமிடத்தில் நடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவான். மணல் வீடு கட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நகரக் கடற்கரை முழுக்கக் கூழாங்கல். போதாததற்கு, பக்கத்து ஊரான கானில் திரைப்பட விழா மே மாதம்தான் நடக்கும். சுற்று வட்டாரம் முழுக்க ஹோட்டல் வாடகை ஏறிவிடும்.

அதனால் ரோம்தான் என் ஓட்டு. ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரி வெயிலில் கல் கட்டடங்களுக்கு நடுவே அலைவது தண்டனை. மே மாதத்தில் அந்தத் தொல்லை இருக்காது.

அம்மாவின் முழங்கால்தான் யோசிக்க வேண்டிய விஷயம். பழைய ரோமின் தெருக்களில் பதித்திருக்கும் சிறு கருங்கற்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும், கால் வலிக்கும். இந்த ஒரு விஷயத்தில் நீஸ் மேல். கடலோர நடைபாதை சமதளமாகக் கிலோமீட்டர் கணக்கில் நீளும். ரோமில் ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், மதியம் ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொலோசியத்தில் லிஃப்ட் உண்டு. வாடிகன் அருங்காட்சியகத்தில் சக்கர நாற்காலி கேட்டு வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் நிற்காதீர்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். கொலோசியம் டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டோடு ஒத்துப்பார்ப்பார்கள். 18 வயதுக்குக் கீழே இலவசம் என்றாலும் மகனுக்கும் டிக்கெட் பதிவு செய்யுங்கள்.

சரி, மகனின் கடல்? ரோமிலேயே பிரமிதே மெட்ரோ நிலையத்தை ஒட்டிய போர்த்தா சான் பாவ்லோ ரயில் நிலையத்திலிருந்து, கடற்கரைக்குப் போகும் லீதோ ரயில் பிடியுங்கள். மெட்ரோவுக்கு வாங்கும் சாதாரண டிக்கெட்டே போதும். வழியில் ஓஸ்தியா ஆன்தீகா, ரோமானியர்களின் பழைய துறைமுக நகரம். ரொட்டிச் சுடுமிடம், நாடகக் கொட்டகை, பொதுக் கழிப்பறை எல்லாம் இன்னும் நிற்கின்றன. பையன்கள் அந்தக் கழிப்பறை வரிசையைத்தான் கடைசிவரை நினைவில் வைத்திருப்பார்கள்! திங்களன்று மூடியிருக்கும். அதே ரயிலில் இன்னும் சில நிறுத்தங்கள் போனால் கடற்கரை. நீர் இங்கேயும் குளிர்தான், ஆனால் மணல் உண்டு. குடை, நாற்காலி போட்டுக் காசு வாங்கும் இடங்கள்தான் அதிகம். இலவசப் பகுதி எது என்று கேட்டுப் போங்கள்.

ஊரை முடிவு செய்யாமல் விசா வேலையைத் தொடங்காதீர்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) கேட்க வேண்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, மகன் வயதுக்கு 45. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கோடை நெரிசலில் விண்ணப்பம் கொடுக்கத் தேதி கிடைப்பது கஷ்டம் என்பதால் பிப்ரவரியிலேயே இறங்கிவிடுங்கள்.

பயணம் செப்டம்பருக்குத் தள்ளிப்போனால் மட்டும் நீஸ் போங்கள். கோடை முழுக்க வெயிலில் சூடேறிய கடல் அப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கும்.