அப்பாவின் புராஸ்டேட் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. புராஸ்டேட் வீக்கத்துக்காக ஒரு மாதமாக டாம்சுலோசின் 0.4 மி.கி. சாப்பிடுகிறார். சிறுநீர் இப்போது தடையில்லாமல் போகிறது. ஆனால், இரவில் எழுந்தால் தலை சுற்றுகிறது. ஒருமுறை கழிவறை வாசலில் விழப்பார்த்தார். ‘இது பிரஷர் மாத்திரை வகை, உனக்கு எதற்கு?’ என்கிறார் அவர் நண்பர். அடுத்த மாதம் கண்புரை அறுவை சிகிச்சை வேறு இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா டாக்டர்?

- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள், அம்மா. ஆனால், விழப்பார்த்தார் என்பதால், மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரை இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

நண்பர் சொன்னதில் பாதி உண்மை. ரத்தக்குழாய், சிறுநீர்ப்பையின் கழுத்து, புராஸ்டேட் மூன்றிலும் உள்ள தசைகளை நார்அட்ரினலின் என்ற உடல் ரசாயனம் இறுகவைக்கிறது. அது வந்து சேரும் இடங்களான ஆல்ஃபா ஏற்பிகளை டாம்சுலோசின் குடும்பத்து மருந்துகள் மறித்துவிடுவதால் தசை தளர்கிறது. அதே குடும்பத்தின் பிரசோசின், டாக்சசோசின் ஆகியவை பிரஷரையும் நன்றாக இறக்கும். தேளின் நஞ்சு உடலில் இத்தகைய ரசாயனங்களைப் பெருக்கெடுக்கவைத்து இதயத்தைத் தாக்கும் என்பதால், மகாராஷ்டிரத்தின் மஹாட் பகுதியில் டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கர் செந்தேள் கொட்டியவர்களுக்குப் பிரசோசின் கொடுத்துக் காப்பாற்றினார். 1986இல் அது ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. ஒரே குடும்பத்து மருந்துக்கு எத்தனை வேலைகள் பாருங்கள்! டாம்சுலோசின் பெரும்பாலும் புராஸ்டேட் பகுதியைத்தான் தளர்த்தும். ஆனாலும், ரத்தக்குழாய்களை அடியோடு விட்டுவிடுவதில்லை.

தலைசுற்றலுக்குக் காரணம் அதுதான். படுத்திருப்பவர் எழுந்தால் ரத்தம் கால்களில் இறங்கும். குழாய்கள் உடனே சுருங்கி அதை மூளைக்கு அனுப்ப வேண்டும். மருந்து அந்தச் சுருக்கத்தைத் தாமதப்படுத்துகிறது. அப்பா எழுந்ததும் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் உட்காரட்டும். பாதங்களை மேலும் கீழும் அசைத்துவிட்டு, பிடித்துக்கொண்டு நிற்கட்டும். இரவில் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது நல்லது. வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். வெறும் வயிற்றில் மாத்திரை வேண்டாம். தினமும் அதே வேளை உணவுக்கு அரைமணி நேரம் கழித்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். பிரஷருக்கு வேறு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கண்புரை விஷயத்தைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. இந்த மருந்து கருவிழித் திரையின் தசையையும் தளர்த்தும். அறுவை சிகிச்சையின்போது திரை தொளதொளத்து அலைபாயும். சொட்டு மருந்து விட்டு விரித்த கண்பாவை நடுவில் சுருங்கிவிடும். 2005இல்தான் மருத்துவ உலகம் இதை அடையாளம் கண்டது. சில நாள் முன்னால் மாத்திரையை நிறுத்தினாலும் ஆபத்து நீங்காது. எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியவர்களுக்குக்கூட இது நேர்ந்திருக்கிறது. முன்கூட்டியே தெரிந்தால் கண் மருத்துவர் அதற்கான மருந்துகளோடும், பாவையை விரித்துப் பிடிக்கும் கருவிகளோடும் தயாராக இருப்பார். தெரியாமல் இறங்கினால்தான் சிக்கல். ஆகவே, அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனையிலேயே மாத்திரை அட்டையைக் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.

மகளிடம் அப்பா சொல்லத் தயங்கும் விஷயமும் ஒன்று உண்டு. இம்மாத்திரையால் சிலருக்கு உறவின்போது விந்து வெளிவருவது குறையலாம், நின்றும் போகலாம். அதனால் உடலுக்குக் கெடுதல் இல்லை. ஆனால், ஆண்மைக்குறைவுக்குத் தரப்படும் சில்டெனாஃபில் போன்ற மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் இதனோடு சேர்த்தால் பிரஷர் சரிந்துவிடும். மருத்துவரைப் பார்க்கும்போது ஐந்து நிமிடம் நீங்கள் வெளியே காத்திருங்கள். அப்பா தனியாகப் பேசட்டும்.