மகளை முதல் முறையாக அஸ்ராமாவுக்கு (பள்ளி விடுதிக்கு) அனுப்புகிறேன். பெட்டியில் என்னென்ன வைப்பது?

கேள்வியைப் படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் வயிற்றைக் கொஞ்சம் கலக்கியது. மகளுக்குப் படிவம் 1-க்கு (இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டுக்கு) முழு விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது, பதிவு நாளுக்கு இரண்டு வாரம் இருக்கிறது, பள்ளி கொடுத்த பட்டியலுக்கு மேல் வேறு என்ன வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் 'பட்டியலுக்கு மேல்' என்ற இடத்தில்தான் உங்களைப் பிடித்தேன். கட்டில் மேல் பாதிச் சாமானைப் பரப்பி வைத்திருப்பீர்கள். வீட்டுக்காரர் "இதெல்லாம் எதுக்கு?" என்று ஒரு தடவை கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு ஹாலுக்குப் போயிருப்பார். பிள்ளை மட்டும் நிதானமாக இருப்பாள். நான் சொல்வது தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

நான் பினாங்கு, ஜெலுத்தோங். மூத்தவளை 2023-ல் பேராக்கில் உள்ள ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பினேன், இப்போது படிவம் 4. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்த பிள்ளை. பி.கே.எஸ்.கே. என்ற நுழைவுத் தேர்வை எழுதி, கடிதம் வந்த அன்று நான் அழுததைப் பார்த்து, "இடம் கிடைச்சதுக்கா அழறீங்க, கிடைக்காம இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டாள்.

பட்டியலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் இருப்பதை அப்படியே வாங்குங்கள், மூளையைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பால்டி (வாளி), காயோங் (தண்ணீர் மொள்ளும் குவளை), சட்டை மாட்டி ஒரு டஜன், அவர்கள் சொன்ன நிறத்தில் சாடார் (மெத்தை விரிப்பு), செலிமுட் (போர்வை), கறுப்புச் சப்பாத்து. நம் காலம் மாதிரி வெள்ளைச் சப்பாத்துக்குச் சுண்ணாம்பு பூசி வெயிலில் வைக்கும் வேலை இப்போது இல்லை, அந்த மட்டும் நிம்மதி. எங்கள் பட்டியலில் 'மங்கா 2' என்று ஒரு வரி இருந்தது. என் மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். மறுநாள் சௌராஸ்தா மார்க்கெட்டிலிருந்து இரண்டு மாம்பழத்தோடு வந்து நின்றார். மலாயில் மங்கா என்றால் மாம்பழம் மட்டும் இல்லை, பூட்டுக்கும் அதுதான் பெயர் என்று சொன்னால் நம்பவே இல்லை. அவர் காலத்தில் பூட்டையும் கூஞ்சி (சாவி) என்றுதான் சொல்வார்களாம். மாங்காயை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்ப் பூட்டாக்கித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்று மூன்று நாள் சொல்லிச் சிரித்தோம். பழத்தை அன்று ராத்திரியே சாப்பிட்டு முடித்தோம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. லிட்டில் இந்தியாவுக்கு நான்கு நடை. பெரிய டின் மைலோ இரண்டு. மேகி ஒரு பெட்டி. நெத்திலிச் சம்பல் மூன்று போத்தல், முறுக்கு ஒரு டின், ஊறுகாய். கோடாலித் தைலம் இரண்டு, பாலேக் பூலாவ் ஜாதிக்காய் எண்ணெய் ஒன்று, வயிற்று வலிக்கு ஒன்று, கொசுக்கடிக்கு ஒன்று என்று மருந்துக்கே ஒரு பை. தண்ணீர்மலைத் திருநீறு. உள்ளாடை மட்டும் இரண்டு டஜன், ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தலைக்கு வைக்க முக்கால் லிட்டர் தேங்காய் எண்ணெய், ரிப்பன், சீப்பு மூன்று வகை. மொத்தம் ஆயிரத்து நானூறு ரிங்கிட் தாண்டியது. பள்ளிக் கட்டணம் இதில் சேராது.

பதிவு நாளில் காரில் என் கால் வைக்க இடம் இல்லை. கூனோங் செமாங்கோலில் இறங்கி டீ குடிக்கும்போதே எண்ணெய் வாசனை வந்தது. நம் ஊர் வெயிலில் தேங்காய் எண்ணெய் தண்ணீர் மாதிரிதானே இருக்கும், மூடி வழியாகக் கசிந்து பள்ளிச் சீருடையான மூன்று வெள்ளை பாஜு கூரோங்கை நனைத்துவிட்டது. பள்ளி வாசலுக்கு வெளியே ரோட்டோரத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நான் நின்ற கோலம், வேண்டாம். (எண்ணெய்க் கறைக்குப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர், உடனே. துவைக்கும் பவுடரில் லேசில் போகாது. எண்ணெய் வைத்தே தீருவேன் என்றால் மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் வைத்து இறுக்கி, தனிப் பையில் கட்டுங்கள்.)

மேலே ஏறிப் போய் லாக்கரைப் பார்த்தால், ஓர் ஆளின் தோள் அகலம்கூட இல்லை. கொண்டுபோனதில் பாதியைத் திரும்பக் காரில் ஏற்றினோம். மகள் ஒன்றும் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகளின் அம்மா அப்பாவும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். மலாய்க்காரத் தாய் ஒருவர் முழு ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியதைப் பார்த்த பிறகுதான் என் முகத்தில் ரத்தம் ஓடியது.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதை. பதில் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக.

என் மகளுக்கு இடுப்பு வரை முடி. சிறு வயதிலிருந்து தினமும் காலையில் டிவி முன்னால் முக்காலி போட்டு உட்கார்வாள், நான் சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு இரட்டைச் சடை பின்னுவேன். பத்து நிமிடம். வீட்டில் நானும் அவளும் சண்டை இல்லாமல் இருக்கிற பத்து நிமிடம் அதுதான். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தன் முடியைத் தானே பின்னத் தெரியாது என்பது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. ரிப்பன் வாங்கினேன், எண்ணெய் வாங்கினேன், மூன்று சீப்பு வாங்கினேன்.

அங்கே கைப்பேசிக்கு அனுமதி இல்லை. புளோக்குக்குக் கீழே உள்ள பொதுத் தொலைபேசியில் வரிசையில் நின்று பேசுவாள். மூன்று நிமிடம். "நல்லா இருக்கேன் மா." "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன் மா." அவ்வளவுதான்.

மூன்றாவது சனிக்கிழமை திங்காட் (அடுக்குப் பாத்திரம்) நிறைய நண்டுக் கறியும் சோறும் எடுத்துக்கொண்டு போனோம். காத்திருக்கும் கூடாரத்துக்கு அவள் நடந்து வருகிறாள், எனக்கு அடையாளம் தெரியவில்லை. முடி காதுக்குக் கீழே இரண்டு விரல். அதுவும் நேராக இல்லை, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி. அடுத்து நான் செய்ததை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பத்துப் பதினைந்து குடும்பம் உட்கார்ந்திருக்கிற இடத்தில் எழுந்து நின்று, "யாரைக் கேட்டுடி வெட்டின?" என்று கத்தினேன். மூன்று வாரம் கழித்துப் பிள்ளையைப் பார்த்ததும் என் வாயில் வந்த முதல் வார்த்தை அது. தமிழ் புரியாதவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் அழவில்லை. "அஞ்சு மணிக்குக் கண்ணாடி கிடைக்காது மா," என்றாள்.

அப்புறம் மெதுவாகச் சொன்னாள். டோமில் (பிள்ளைகள் தூங்கும் அறையில்) பதினாறு பேர், கண்ணாடி ஒன்று. முதல் வாரம் பக்கத்துக் கட்டில் மலாய்ப் பிள்ளை பின்னிவிட்டிருக்கிறாள். ஆனால் அந்தப் பிள்ளை விடியற்காலைத் தொழுகைக்கு சூராவ் போக வேண்டும். அவர்கள் எல்லாரும் போன பிறகு டோமில் இவளும் இந்த முடியும்தான். பின்னத் தெரியாமல் சுருட்டிக் கட்டிக்கொண்டு போனால், ஒழுங்காகக் கட்டவில்லை என்று சீனியர் திருப்பி அனுப்புவாள். சபைக்குத் தாமதம், புள்ளி வெட்டு. தலை குளித்தால் ராத்திரி வரை ஈரம். இரண்டாம் வாரம் பேன் வந்திருக்கிறது. அந்தப் பக்கத்துக் கட்டில் பிள்ளையிடமே கத்தரிக்கோலைக் கொடுத்து வெட்டச் சொல்லியிருக்கிறாள். வெட்டும்போது அந்தப் பிள்ளைதான் அழுததாம்.

கிளம்பும்போது ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்து கொடுத்தாள். இரண்டு சடையும் அதற்குள். லாக்கரில் மைலோ டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தாளாம். "நீங்க கேப்பீங்கன்னு தெரியும்," என்றாள். ஜூரு டோல் வரும் வரை நானும் வீட்டுக்காரரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதைப் படித்துவிட்டு, "முடிதானே, பெண் பிள்ளை என்றால் முடி வளர்த்தே ஆக வேண்டுமா?" என்று கேட்க ஒருவர் வருவார். வேண்டாம். அவள் இப்போதும் குட்டையாகத்தான் வைத்திருக்கிறாள், அழகாகவும் இருக்கிறாள். வளர்த்ததோ வெட்டியதோ எனக்கு இப்போது பிரச்சினை இல்லை. இன்னொருவர், "சின்னப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதே பாவம்," என்பார். அவருக்கும் பதில் சொல்ல மாட்டேன், என் சொந்த அண்ணியிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

ஆகவே உங்களுக்கு இருக்கிற இரண்டு வாரத்தில் கடைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு, வீட்டில் இதைச் செய்து பாருங்கள். நாளை முதல் உங்கள் மகள் ஐந்து மணிக்கு எழட்டும். விளக்கைப் போடாமல், கண்ணாடி பார்க்காமல் தலையைக் கட்டட்டும். முடியவில்லை என்றால் முடியை என்ன செய்வது என்று இரண்டு பேரும் வீட்டிலேயே பேசி முடிவெடுங்கள். ஒரு பாஜு கூரோங்கைப் பால்டியில் ஊறவைத்துக் கையால் கசக்கிப் பிழியட்டும். சோப்பை விட அலசுகிற தண்ணீர்தான் அதிகம் வேண்டும் என்று அவளே கண்டுபிடிப்பாள். துவைக்கும் இயந்திரம் விடுதியில் இருக்கும், வரிசையும் இருக்கும். மாதவிலக்கு இன்னும் வரவில்லை என்றாலும் பேடு வைத்து, எப்படி என்று சொல்லி அனுப்புங்கள். எங்கள் வீட்டில் மைலோவுக்கு இடம் பார்த்த எனக்கு இதற்கு இடம் ஒதுக்கத் தோன்றவில்லை. என் மகளுக்கு அங்கேதான் வந்தது.

சாப்பாட்டுக்கு ஒன்று. மாட்டிறைச்சி போடுகிற நாளில் நம் பிள்ளைகளுக்கு முட்டையோ கோழியோ தனியாகக் கொடுப்பார்கள், ஆனால் கேட்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டு வெறும் சோற்றையும் வெள்ளரிக்காயையும் தின்றுவிட்டு வந்த நாள் என் மகளுக்கு உண்டு. "சாயா தாக் மாக்கான் டாகிங், மாக்சிக்" (நான் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன், அத்தை) என்று சிரித்த முகத்தோடு சொல்லப் பழக்குங்கள். சமையல்கார மாக்சிக்குகள் நல்லவர்கள், ஒரு தடவை சொன்னால் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

எல்லாத் துணியிலும் பெயர் போடுங்கள். பெயர்ப்பட்டை தைக்கிற கடையில் மட்டும் பக்கத்தில் நின்று பார்த்து வாங்குங்கள். எங்கள் கடைக்காரர் இடம் போதவில்லை என்று 'ஏ/பி'க்கு ('இன்னாரின் மகள்' என்று பொருள்) பிறகு வருகிற அப்பா பெயரைப் பாதியில் வெட்டிவிட்டார். கேட்டதற்கு "உங்க ஆளுங்க பேரு நீளம்" என்றார். இன்றைக்கும் அந்தப் பாதிப் பெயரோடுதான் அவளுடைய பழைய சட்டை கிடக்கிறது.

பெயர் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அங்கே தமிழ் வகுப்பு உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். 1996 கல்விச் சட்டத்தில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்க வழி இருக்கிறது. எங்கள் பள்ளியில் எல்லாப் படிவத்தையும் சேர்த்து எண்ணினால் தமிழ்ப் பிள்ளைகள் 11 பேர். நான்கு பேர் குறைவு. ஒவ்வோர் ஆண்டும் புது மாணவர் பட்டியல் வந்ததும் நான் தேடுவது அந்த நான்கு பெயரைத்தான். 1816-ல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது என்று 2016-ல் 200 ஆண்டு கொண்டாடினோம், நானும் போய்க் கைதட்டிவிட்டு வந்தேன். அந்த ஊர்ப் பிள்ளையான என் மகள் இப்போது எஸ்.பி.எம். (படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) தமிழுக்குத் தானாகப் படிக்கிறாள், லீவில் வரும்போது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கட்டுரை திருத்திக் கொடுக்கிறார். பெட்டியில் இடம் மிச்சம் இருந்தால் ஒரு தமிழ் அகராதி வையுங்கள். முறுக்கு டின்னை எடுத்துவிட்டாவது வையுங்கள். முறுக்கு முதல் ராத்திரியே பதினாறு பேருக்குள் தீர்ந்துவிடும்.

மங்கா இரண்டுக்கும் சேர்த்து நான்கு சாவி வரும். இரண்டை உங்கள் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். என் மகள் முதல் வாரமே தொலைத்துவிட்டு, வார்டன் ஆள் வைத்துப் பூட்டை உடைத்தார்கள்.