ராமேஸ்வரத்தில் கடலில் இருந்து 600 மீட்டரில் மனை வாங்கியிருக்கிறேன். உப்புக் காற்று எவ்வளவு வரும், இரும்பு எவ்வளவு துருப்பிடிக்கும் என்று கணினி வானிலை மாதிரி (மாடல்) சொல்லுமா?

பாதிக்கணக்கு சொல்லும். மீதிக்கு உங்கள் மனையிலேயே அளந்தாக வேண்டும். நான் தங்கச்சிமடத்துக்காரன், டபிள்யூ.ஆர்.எஃப். என்ற கணினி வானிலை மாதிரியை ஓட்டுவதுதான் வேலை.

நம் தீவில் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடித்தால் தென்கடல் பொங்கும், வாடை (வடகிழக்குக் காற்று) பிடித்தால் வடகடல். எந்த மாதம் எந்தப் பக்கம் உப்பு வரும் என்பதை மாதிரி நன்றாகவே காட்டும். எவ்வளவு என்பதில்தான் சிக்கல். அலைநுரையில் குமிழிகள் வெடித்துத்தான் உப்புத் துளி காற்றில் ஏறுகிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் நுரைப் பரப்பு சுமார் 10 மடங்காகும். மாதிரி வேகத்தை 20 சதவீதம் கூட்டிச் சொன்னாலே நுரைக்கணக்கு கிட்டத்தட்ட இரு மடங்காகிவிடும்.

இன்னொன்று, பெரிய துளிகள் கரையேறிய சில நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். மாதிரி நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரே எண்தான் சொல்லும்; நான் ஓட்டுவதில் ஒரு கட்டம் 3 கிலோமீட்டர். உங்கள் 600 மீட்டர் அதற்குள் காணாமல் போய்விடும். தனுஷ்கோடிப் பக்கம் நிலமே கடலாகத் தெரியும்!

உப்பு படிந்தால் மட்டும் துரு வராது, அது ஈரமாக வேண்டும். சாதாரண உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும், அதனால் பகலிலும் கம்பி காய்வதில்லை. மழை வேறு கணக்கு. எங்கள் வீட்டு ஜன்னலில் சன்ஷேடுக்கு அடியில் இருக்கும் மேல் கம்பிதான் முதலில் செதில் செதிலாக உரிந்தது. மழையில் நனையும் கீழ்க் கம்பியில் பெயின்ட் அப்படியே இருந்தது. மழை உப்பைக் கழுவிவிடுகிறது, மறைவில் அது தங்கிவிடுகிறது.

இடங்களை அரிப்புக் கடுமைப்படி வகுக்கும் ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேசத் தரத்தின் உச்ச வகுப்பில் சாதாரண இரும்பு முதல் ஆண்டிலேயே 200 முதல் 700 மைக்ரான் (0.2 முதல் 0.7 மில்லிமீட்டர்) வரை தேயும். உங்கள் மனை எந்த வகுப்பு என்று தெரிந்துகொள்ள ஈரத்திரி முறை இருக்கிறது. குழாயில் துணி சுற்றி, அதன் நுனியைக் குடுவைத் தண்ணீரில் விட்டு, மழை படாத கூரைக்கடியில் ஒரு மாதம் வைப்பார்கள். துணியில் பிடித்த குளோரைடைப் பிறகு ஆய்வகத்தில் அளப்பார்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு மண்டபத்தில் அரிப்புச் சோதனை நிலையம் உண்டு, அங்கே விசாரியுங்கள். கச்சானில் ஒரு மாதம், வாடையில் ஒரு மாதம் வையுங்கள். அந்த இரண்டு எண்ணையும் மாதிரியோடு பொருத்தினால் ஆண்டு முழுவதற்கும் தோராயமான கணக்கு போட்டுவிடலாம். அதுவரை கம்பி, கிரில் எதற்கும் ஆர்டர் கொடுக்காதீர்கள்.