வீடும் வகுப்பறையும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதக் கடிதங்களில் ஆசிரியர் வீடுகளிலிருந்து வந்தவைதான் அதிகம். மதுரையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்த ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

கேள்வி: நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. கணவர் தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார். இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார் கூடவே இருக்கிறார்கள். எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் இல்லை. ஆனால் பேச்சு என்றாலே கேஸ் தீர்ந்துபோச்சு, வேன் ஃபீஸ் கட்டணும், மாமாவுக்கு மாத்திரை வாங்கணும் என்பதோடு சரி. வாழ்க்கை இப்படியே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஆசிரியை, திருமங்கலம்

பதில்: ஆறு பேர் இருக்கும் வீட்டில் கேஸ், ஃபீஸ், மாத்திரைப் பேச்சு இருந்தே தீரும். அது நாள் முழுக்கச் சிதறிக் கிடப்பதுதான் தொல்லை. காலையில் பஸ்ஸுக்கு ஓடும்போது ஒன்று, மதியம் வாட்ஸ்அப்பில் ஒன்று, ராத்திரி தட்டில் கை வைக்கும்போது ஒன்று என்று வந்தால், ஒருவர் வாயைத் திறந்ததுமே "அடுத்து என்ன செலவோ" என்றுதான் மற்றவருக்குத் தோன்றும்.

ஒரு நாற்பது பக்க நோட்டை பேனாவோடு சமையலறையில் ஆணியில் மாட்டுங்கள். தோன்றியதை அதில் எழுதிவிட்டு அத்தோடு விடுங்கள். ஞாயிறு மாலை அரைமணி நேரம் இருவரும் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே யார், என்றைக்கு என்று குறியுங்கள். உடம்பு சரியில்லை போன்ற அவசரங்களைத் தவிர மற்றதெல்லாம் நோட்டுக்குத்தான். இந்த ஏற்பாடு இரண்டு இடத்தில் கெடும். விருந்தாளி வந்து ஒரு ஞாயிறு தவறினால் அப்படியே நின்றுபோகும். தவறினால் திங்கள் இரவே உட்கார்ந்துவிடுங்கள். இன்னொன்று, "போன மாசம் அவ்வளவு எங்கே போச்சு" என்று கேட்க ஆரம்பித்தால் அந்த அரைமணி நேரம் விசாரணையாகிவிடும். வரப்போகிற ஏழு நாள் மட்டும்தான் பேச்சு. பழைய கணக்குக்கு மாதத்தில் ஒரு நாள் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது வேலைப் பங்கு. "ஏதாவது உதவி பண்ணட்டுமா?" என்று கணவர் கேட்பது நல்லதுதான். ஆனால் எதை, எப்போது, எவ்வளவு என்று நினைவில் வைத்திருக்கும் பாரம் அப்போதும் உங்கள் தலையில்தான். அதனால் வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்காமல் முழுதாகக் கொடுங்கள். இட்லி மாவை எடுத்துக்கொள்வோம். அரிசி டின்னில் இருக்கிறதா என்று பார்ப்பதில் தொடங்கி, கிரைண்டரைக் கழுவிக் கவிழ்ப்பது வரை அவர் பொறுப்பு. நான்கு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். நாலு மணி நேரம் ஊறட்டும். உளுந்தை முதலில் போட்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து 25 முதல் 30 நிமிடம் அரைக்க வேண்டும். ஒரு துளி மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அரைபடவில்லை. அரிசி மெல்லிய ரவைப் பதம் போதும். உப்புப் போட்டுக் கையால் கலந்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல் வைக்க வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் ஆறு மணி நேரத்திலேயே பொங்கிவிடும். விடிய விடிய வெளியே வைத்தால் புளித்துப்போகும். அந்த மாதங்களில் அரைக்கவும் குளிர்ந்த தண்ணீரே நல்லது, இல்லாவிட்டால் கிரைண்டர் சூட்டில் உளுந்து பொங்காது. மார்கழியில் பத்து மணி நேரத்துக்கு மேலும் ஆகும்.

முதல் சில தடவை இட்லி கல்லாகத்தான் வரும். அப்போது போய் நின்று திருத்தாதீர்கள், மாமியாரையும் திருத்தவிடாதீர்கள். கணவர் மாவை வழித்தெடுக்கும் நேரத்தில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மறுநாளைக்குச் சின்ன வெங்காயம் உரியுங்கள். "வாங்க, கொஞ்சம் மனசு விட்டுப் பேசலாம்" என்று எதிரெதிரே உட்கார்ந்தால் வராத பேச்சு, இரண்டு பேர் கையும் வேலையில் இருக்கும்போது தானாக வரும். உங்கள் வகுப்பில் அன்று ஒரு பிள்ளை சொன்னது, அவர் அலுவலகத்தில் நடந்தது என்று ஏதோ ஒன்றில் ஆரம்பிக்கும். நீங்கள் தேடுவது அந்தப் பேச்சைத்தான்.

கேள்வி: மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பயிற்சி, பதிவேடு, ஆப்பில் ஏற்றுவது என்றே நாள் ஓடுகிறது. முன்பு வகுப்புக்குள் நுழையும்போது இருந்த உற்சாகம் இப்போது இல்லை. விருப்ப ஓய்வு வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன்.
– இடைநிலை ஆசிரியர், மேலூர் பக்கம்

பதில்: அந்த முடிவை ஒரு பருவம் தள்ளிப்போட்டு, இதைச் செய்து பாருங்கள்.

2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறீர்கள். ஒரு பிள்ளை எங்கே நிற்கிறது என்பது அதில் தெரியும். ஏன் அங்கேயே நிற்கிறது என்பதை ஆசிரியர்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தத் தொழிலின் ருசியே அதில்தான் இருக்கிறது. பதிவேட்டு வேலை உங்களிடமிருந்து பறித்துக்கொண்டதும் அதுதான்.

52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்கிறீர்கள். சரியான விடை 25. இரண்டு பிள்ளைகள் 35 என்று எழுதுகிறார்கள். இருவருக்கும் "கடன் வாங்கத் தெரியவில்லை" என்று எழுதிவிட்டால் பாதி தவறாகிவிடும். ஒரு பிள்ளை 2-இலிருந்து 7 போகாது என்று, தலைகீழாக 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 என்று போட்டிருக்கும். இன்னொன்று சரியாகக் கடன் வாங்கி 12-இல் 7 போக 5 என்று எழுதிவிட்டு, பத்துகளில் 5-ஐ 4 ஆக்க மறந்திருக்கும். விடை ஒன்றே, தவறு வேறு வேறு. பிரித்துப் பார்க்க 54 – 28 கொடுங்கள். முதல் பிள்ளை 34 எழுதும், இரண்டாவது 36 எழுதும். பக்கத்தில் உட்கார்ந்து "எப்படிப் போட்டே, சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். திருத்தாமல் முழுதாகக் கேட்பது அனுபவசாலிகளுக்கே கடினம். பிள்ளை இரண்டாவது வாக்கியம் சொல்வதற்குள் வாய் முந்திக்கொள்ளும்.

வைத்தியமும் வேறு வேறு. முதல் பிள்ளைக்கு ஈர்க்குச்சி வேண்டும். விரல் நீளத்துக்கு ஒடித்து, பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து கட்டு, உதிரி இரண்டு. "ஏழு குச்சி கொடு" என்று கையை நீட்டுங்கள். உதிரியில் இரண்டுதான் இருக்கிறது. பிள்ளை விழிக்கும். கட்டை அவிழ்க்கச் சொல்லாமல் காத்திருங்கள். அது தானாக ஒரு கட்டை அவிழ்க்கும் அந்த நொடியில்தான் கழித்தல் புரிகிறது. கட்டுகளை நீங்களே கட்டிக் கொண்டுபோனால் இது நடக்காது; பத்து எண்ணிக் கட்டியது அதன் கையாக இருந்தால்தான் அவிழ்க்கவும் தோன்றும். ரப்பர் பேண்ட் வெயிலில் இற்றுப்போகும், நூலே போதும். இரண்டாவது பிள்ளைக்குக் குச்சி தேவையில்லை. ஒன்றுகளைக் கழிக்கும் முன்பே 5-ஐ அடித்து மேலே 4 எழுத வேண்டும் என்ற வரிசையைப் பழக்கினால் போதும்.

எழுத்திலும் இப்படித்தான். நம் பக்கத்துப் பிள்ளைகள் பழத்தை "பளம்" என்று எழுதுவது கவனக்குறைவால் அல்ல. வீட்டில் கேட்பதை எழுதுகிறார்கள். வீட்டுப் பேச்சைக் குறை சொல்லாமல் நாக்கைக் காட்டுங்கள். "ல" என்றால் நுனிநாக்கு மேல்பல் அடியைத் தொடும், "ள" என்றால் மடிந்து மேலண்ணத்தில் ஒட்டும், "ழ" என்றால் மடிந்து ஒட்டாமல் வருடும். வாளை – வாழை, உளவு – உழவு என்று ஜோடி ஜோடியாகச் சொல்ல வைத்து, பிறகு எழுத வையுங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து நிமிடம். நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம். முப்பது பேர் வகுப்பென்றால் பதினைந்து வேலைநாளில் ஒரு சுற்று முடியும். இதை எந்த ஆப்பிலும் ஏற்றாதீர்கள், யாருக்கும் காட்டவும் வேண்டாம்.

கேள்வி: நான் கணக்கு பட்டதாரி ஆசிரியர். என் மகன் இரண்டாம் வகுப்பு. ஊர்ப் பிள்ளைகளிடம் எனக்கு இருக்கும் பொறுமை அவனிடம் வருவதில்லை. பத்து நிமிடத்தில் கத்திவிடுகிறேன். மனைவி குறுக்கே வந்தால் அது எங்கள் சண்டையாகிவிடுகிறது.
– சோழவந்தான் வாசகர்

பதில்: பள்ளியில் மணி அடித்துவிடும், வீட்டில் மணி கிடையாது. அதுதான் முக்கால்வாசிக் காரணம். பையன் வந்ததும் ஏதாவது சாப்பிடட்டும், முக்கால் மணி நேரம் தெருவில் விளையாடட்டும். பிறகு இருபது நிமிடம், அலாரம் வைத்து. அலாரம் அடித்தால் பாதிக் கணக்கானாலும் மூடிவிடுங்கள். எதிரே உட்காராமல் பக்கத்தில், அவன் உயரத்துக்குத் தரையில் உட்காருங்கள். ஒரே இடத்தில் இரண்டு தடவை தப்பினால் அன்றைக்கு அதை விட்டு, அவனுக்குத் தெரிந்த ஒன்றைக் கொடுத்து முடியுங்கள்.

இந்த வயதில் வாசிப்பில் இடறுவது பெரும்பாலும் கொம்பில்தான். "கொடை" என்ற சொல்லில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, சத்தமோ ஒன்று. பிள்ளை "கெ" என்று ஆரம்பித்து, காலைப் பார்த்ததும் திணறும். மூன்று அட்டை வெட்டுங்கள்: ஒன்றில் க, ஒன்றில் கொம்பு, ஒன்றில் கால். கொம்பையும் காலையும் இரண்டு கையிலும் எடுத்து ஒரே நேரத்தில் க-வின் இரு பக்கமும் வைத்துக்கொண்டே "கொ" என்று சொல்லட்டும். பிறகு ச, ப, ம என்று நடு அட்டையை மட்டும் மாற்றுங்கள். இரட்டைக் கொம்பு அடுத்த வாரம். ஒரே நாளில் கலந்தால் இரண்டும் குழம்பும்.

மனைவியோடு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். உங்கள் குரல் ஏறினால் அவர் "தண்ணி கொண்டு வரவா?" என்று மட்டும் கேட்கட்டும். அதுதான் அடையாளம்: நீங்கள் எழுந்துவிட வேண்டும். அவரும் அந்தப் பாடத்தைத் தொடரக் கூடாது. தொடர்ந்தால், அப்பா திட்டினால் அம்மா காப்பாற்றுவார் என்று பையன் புரிந்துகொள்வான். யார் செய்தது சரி என்ற பேச்சு அவன் தூங்கிய பிறகு.

கேள்வி: ஞாயிறு வந்தால் பிள்ளைகள் மால், ஹோட்டல் என்கிறார்கள். கட்டுப்படியாகவில்லை. வேறு எங்கே போகலாம்?
– கோரிப்பாளையம் வாசகி

பதில்: கீழக்குயில்குடி சமணர் மலை. காலை ஆறு மணிக்கே அடிவாரத்தில் இருங்கள். ஒன்பது மணிக்கு மேல் பாறை சுடும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கட்டுச்சோறு. மலையில் உள்ள செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்து இருக்கிறது. பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்து, இப்போதைய எழுத்தைப் போல ஏதாவது தெரிகிறதா என்று பார்த்து வரையச் சொல்லுங்கள். கல்லில் சுண்ணாம்போ சாக்பீஸோ தேய்க்கவிடாதீர்கள். சாப்பாட்டை இறங்கி வந்து, அடிவாரத்து ஆலமர நிழலில் வைத்துக்கொள்ளலாம். வெயில் காலத்து மாலைகளுக்கு, உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே காந்தி மியூசியம் இருக்கிறது.

கேள்வி: இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். மகள் சென்னையில், மகன் பெங்களூரில். வீட்டில் டிவி சத்தம் மட்டும்தான் கேட்கிறது.
– வில்லாபுரம் வாசகர்

பதில்: மொட்டை மாடியில் நாலு தொட்டி மல்லி வையுங்கள். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மல்லி, நம் ஊருக்கென்றே அமைந்த வேலை. தினமும் இருவரையும் கூப்பிடும்.

ஒரு அடிக்குக் குறையாத வாய் உள்ள தொட்டி, அடியில் ஓட்டை. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாணஉரம் ஒரு பங்கு. ஜூன் முதல் நவம்பருக்குள் வேர்விட்ட பதியன் வாங்கி நடலாம். ஆறு மணி நேர நேர் வெயில் வேண்டும். நிழலில் இலை மட்டும் தழைக்கும், பூக்காது. வளர்ந்த செடியை நவம்பர் கடைசி வாரம் ஒன்றரை அடி உயரத்துக்குக் கவாத்து செய்யுங்கள். பச்சையாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு வெட்டாமல் விடுபவர்கள்தான் மார்ச்சில் பூவில்லை என்று வருந்துவார்கள். மொட்டு ஊதா நிறமாகி ஓட்டை தெரிந்தால் மொட்டுப்புழு. அந்த மொட்டுகளைக் கிள்ளி அழித்துவிட்டு, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள்.

வெள்ளையாகப் பருத்த மொட்டைச் சாயங்காலம் பறித்தால் இரவு விரியும். உங்களுக்குப் பூக்கட்டத் தெரியாதென்றால் வீட்டம்மாவிடம் இப்போது கற்றுக்கொள்ளுங்கள். வாழைநாரை முதலில் தண்ணீரில் நனைத்து வைக்க வேண்டும், காய்ந்த நார் அறுந்துவிடும். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு முடிச்சு. இறுக்கினால் காம்பு அறுந்துபோகும், தளர்த்தினால் தலையில் வைப்பதற்குள் உதிரும். ஒரு முழம் சரியாக வர ஒரு வாரமாவது ஆகும்.